வலிப்புத் தடுப்பு மருந்துகளும் தமிழில் அறிதிறன் அளவீடும்: திரேஸ்புரம் கடல்மொழியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வலிப்பைத் தடுக்கும் மருந்துகள் மூளையின் மறுவினைகளையும் நினைவு, கவனம், சொல்லாட்சி ஆகியவற்றையும் ஓரளவு மாற்றுகின்றன என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. அம்மாற்றத்தை அளக்கும் கருவிகளுள் பெரும்பாலானவை மொழியால் ஆனவை. அவை தமிழுக்கு வரும்போது எழுத்தமைப்பு, இரட்டை வழக்கு, வட்டாரப் பொருட்பகுப்பு ஆகிய மூன்றிடங்களில் இடறுகின்றன. தூத்துக்குடித் திரேஸ்புரம் போன்ற கடற்புரத்தில் இவ்விடறல் எத்தகைய பிழைக்கு இடந்தரும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வலிப்பு, அறிதிறன், சொற்சரளச் சோதனை, இரட்டை வழக்கு, கடற்புர வழக்கு, மருத்துவத் தமிழ்

முன்னுரை

வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவரிடம் மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, ‘கடைசியாக எப்போது வந்தது?’ என்பதாகும். அக்கேள்வி முறையானதே. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். உரிய மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கடற்புரத்தில் இக்கேள்வியின் கனம் இன்னும் கூடுதல். வலிப்பு நோயுடையோர் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு ஏனையோரினும் 15 முதல் 19 மடங்கு மிகுதி என்பது 2008இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின் கணக்கு. தூத்துக்குடி நகரின் பக்கிள் ஓடை கடலைச் சேரும் பகுதியை ஒட்டிய திரேஸ்புரம், நாட்டுப்படகு மீன்பிடிப்பையும் சங்குக் குளிப்பையும் நம்பிய ஊர். 1961ஆம் ஆண்டோடு இக்கரையில் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. சங்குக் குளிப்பு ஓயவில்லை. நீருக்கடியில் அரை நிமிட நினைவிழப்பு என்பது உயிரிழப்பு. ஆகவே மருந்தை நிறுத்துவதற்கு ஆதரவாக இக்கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நன்று.

கேட்கப்பட வேண்டிய இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. மருந்து உண்ணத் தொடங்கியபின் நினைவும் கவனமும் சொல்லும் எவ்வாறுள்ளன என்பதே அது. இக்கேள்வி நம் சூழலில் அரிதாகவே கேட்கப்படுகிறது. கேட்கப்படும்போதும் உண்மையான விடை கிடைக்காத சொற்களால் கேட்கப்படுகிறது. இக்குறை மருத்துவத்தின் குறை மட்டுமன்று. அளவுகோல் மொழியால் ஆனதாக இருக்கும்போது, அதைச் சரிபார்க்கும் பொறுப்பில் மொழியாய்வாளருக்கும் பங்குண்டு.

மருந்து மூளையில் செய்வது

ஃபீனோபார்பிட்டோன் 1912 முதலும் ஃபெனிட்டாயின் 1938 முதலும் வலிப்புக்கு வழங்கப்பட்டு வருகின்றன. பின்னர் கார்பமாசெபின், வால்ப்ரோயேட் ஆகியன வந்தன. இந்நான்கும் விலை குறைந்தவை; அரசு மருத்துவமனைகளை நம்பியுள்ள எளிய மக்களின் கைக்கு எட்டுபவை பெரும்பாலும் இவையே. லாமோட்ரிஜின், டோபிராமேட், லெவெடிராசிட்டாம் முதலியன பிந்திய தலைமுறையைச் சேர்ந்தவை.

இவை அனைத்தும் ஏதோ ஒரு வகையில் நரம்பணுக்களின் கிளர்ச்சியைக் குறைக்கின்றன. கட்டுக்கடங்காத கிளர்ச்சியை மட்டும் தேடிப் பிடித்து அடக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஃபெனிட்டாயினும் கார்பமாசெபினும் சோடியம் வழிகளை அடைக்கின்றன. மூளை மின்னலை வரைவில் பின்தலைப் பகுதியின் ஆல்பா அலை அதனால் சற்று மெதுவாகிறது. காந்தத் தூண்டலால் கைத்தசையை அசைக்க வேண்டிய அளவும் இவற்றால் உயர்கிறது. ஃபீனோபார்பிட்டோன் போன்றவை வேக அலைகளைப் பெருக்கி உறக்கச் சாயலைத் தருகின்றன. டோபிராமேட் உண்போரைச் சொற்சரளப் பணியில் ஈடுபடுத்திச் செயல்நிலைக் காந்தப் படம் எடுத்த ஆய்வுகள், அப்பணியின்போது ஓய்வு கொள்ள வேண்டிய மூளைப்பகுதிகள் போதிய அளவு ஓயாமையைக் காட்டின. அம்மருந்தை உண்போர் ‘சொல் கிடைக்கவில்லை’ என்று கூறும் குறைக்கு இது ஒரு மூளைச் சான்று. ஆயின் அச்சான்றும் ஒரு சொற்பணியின் வழியாகவே கிடைத்தது என்பதை மறத்தலாகாது. படம் எடுக்கும் கருவிக்கு மொழி இல்லை; அதனுள் படுத்திருப்பவருக்குக் கொடுக்கப்படும் பணிக்கு மொழி உண்டு.

மருந்தின் விளைவையும் நோயின் விளைவையும் பிரித்தறிதல் எளிதன்று. அடிக்கடி வரும் வலிப்பே நினைவைக் குலைக்கும். மனச்சோர்வும் கல்வி இடைநிற்றலும் அவ்வாறே. இச்சிக்கலை ஓரளவு தாண்டிய ஆய்வு ஃபார்வெல் குழுவினர் 1990இல் வெளியிட்டது. காய்ச்சல் வலிப்பு வந்த சிறு குழந்தைகளுள் ஒரு சாராருக்கு ஃபீனோபார்பிட்டோனும் மறுசாராருக்கு வெற்று மருந்தும் தரப்பட்டன. ஈராண்டு முடிவில் மருந்துண்ட குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு 8.4 புள்ளி குறைவாக இருந்தது. எதிர்த்திசையிலும் ஒரு பாடம் உண்டு. கார்பமாசெபின் ஃபெனிட்டாயினைவிட அறிவுக்கு இதமானது என்று 1977இல் டாட்ரில், ட்ரூபின் இருவரும் எழுதினர். அவர்களே 1991இல் இரத்தத்தில் மருந்தளவு மிகுந்திருந்தோரை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டபோது அவ்வேறுபாடு மறைந்தது. மருந்தின் பெயரைவிட அதன் அளவு சில வேளை முதன்மை பெறுகிறது.

இந்திய ஆய்வுகளுக்கு வருவோம். மேற்கு வங்க ஊரகக் குழந்தைகளிடம் ஃபீனோபார்பிட்டோனையும் ஃபெனிட்டாயினையும் ஒப்பிட்ட 1998ஆம் ஆண்டு ஆய்வு, முன்னதால் நடத்தைக் கோளாறு மிகவில்லை என்று கண்டது. கர்நாடகத்தின் யளந்தூரில் கே.எஸ். மணி குழுவினர் நடத்திய 2001ஆம் ஆண்டு ஆய்வு, இவ்விரு மலிவு மருந்துகளாலேயே ஊரக மக்களின் வலிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டியது. இரண்டும் ஏழைகளின் பக்கம் நின்ற ஆய்வுகள். மருத்துவமே கிடைக்காதவருக்கு மலிவான மருத்துவம் கிடைக்கச் செய்வது அவற்றின் நோக்கம். அந்நோக்கத்தில் குறைகாண இயலாது. ஆனால் முதலாவதில் நடத்தையை மதிப்பிட்டவை பெற்றோரிடம் கேட்ட வினாநிரல்கள். இரண்டாவதன் தலையாய அளவு வலிப்பின் எண்ணிக்கை. குழந்தை பாடத்தை நினைவில் வைத்ததா, பெரியவர் சொல்ல வந்த சொல்லைக் கண்டாரா என்பன அளவுகோலின் நடுவிடத்தில் இல்லை.

மொழியை நடுவிடத்தில் வைத்த முயற்சி அண்டை மாநிலத்தில் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் சஞ்சீவ் தாமஸ் 1998இல் தொடங்கிய கேரள வலிப்பு–மகப்பேற்றுப் பதிவேடு, கருவிலேயே இம்மருந்துகளைச் சந்தித்த குழந்தைகள் பள்ளிப் பருவம் எய்தியபோது அவர்களின் மொழித்திறனை ஒரு மலையாள மொழிச் சோதனையால் அளந்தது, குறைவும் கண்டது. மேலைநாட்டு ஆய்வொன்று வால்ப்ரோயேட் உண்ட தாய்மாரின் ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சராசரி நுண்ணறிவு ஈவு 97 என்றும், லாமோட்ரிஜின் உண்டோரின் குழந்தைகளுக்கு 108 என்றும் கண்டது. அந்த எண்களை அப்படியே இறக்குமதி செய்து அமைதி கொள்ளாமல், தம் மொழியில் தம் குழந்தைகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று கேரளத்தார் கருதியதே இங்குக் கருதத்தக்கது.

பெயரும் பார்வையும்

நோய்க்கு நாம் இட்ட பெயரே நம் பார்வையைக் கட்டுப்படுத்தியிருக்கிறது எனலாம். ‘வலித்தல்’ என்பது இழுத்தல். கடற்புரத்தில் இவ்வினை அன்றாடம் புழங்குவது. தண்டு வலிப்பர், வலை வலிப்பர். உடலை உள்ளிருந்து ஏதோ வலிப்பதால் நோய் வலிப்பாயிற்று. ‘இழுப்பு’, ‘இசிவு’ என்பனவும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியும் உடலசைவின் பெயர்கள். வடமொழியின் ‘அபஸ்மாரம்’ வேறு திசையில் நோக்குகிறது; ஸ்மரணம் அகலுதல், அதாவது நினைவு நீங்குதல் அதன் வேர்ப்பொருள். தமிழில் இந்நோய்க்கு வழங்கிய ‘முயலகன்’ என்ற பெயர், ஆடவல்லானின் காலடியில் கிடக்கும் குறளனுக்கும் உரியது. கொல்லிமழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் தீர்த்தமையைப் பெரியபுராணம் கூறும். அம்மகள் உணர்வு மயங்கிக் கிடந்தவளாகவே அங்கு அறிமுகமாகிறாள். முயலகன் என்ற பெயர் வழக்கொழிந்தது, வலிப்பு நின்றது. அதனோடு, கை கால் இழுக்காமல் சில நொடிகள் வெறித்து நிற்கும் வகையை நோயென்றே அறியாத நிலையும் நின்றது. இழுப்பு இல்லையேல் நோய் இல்லை. இழுப்பு நின்றால் மருத்துவம் முடிந்தது. மனம் இக்கணக்கில் வருவதற்குச் சொல்லே இடந்தரவில்லை.

பெயர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வாதிட வரவில்லை. ஆங்கிலப் பெயரின் கிரேக்க வேரும் ‘பற்றிக்கொள்ளுதல்’ என்ற பொருளதே. அம்மொழியில் அறிதிறன் ஆய்வு வளரத்தான் செய்தது. அங்குச் சொற்களை உருவாக்கும் உழைப்பு தொடர்ந்து நடந்தது என்பதே வேறுபாடு. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் ஆக்கினார். அவ்வுழைப்பு நீடித்திருப்பின் நிலை வேறாக இருந்திருக்கும்.

‘கவனக்குறைவு’ என்னும் குற்றச்சாட்டு

மருந்தின் விளைவுகளைத் தமிழில் விளக்கும் கையேடுகளிலும் நலவாழ்வுக் கட்டுரைகளிலும் மறதி, மந்தம், தூக்கக்கலக்கம், கவனக்குறைவு என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றுள் கடைசிச் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கலைச்சொல் என்ற வகையில் ‘கவனக்குறைவு’ கவனிக்கும் ஆற்றல் குன்றுதலைக் குறிக்க வந்தது. பேசும் தமிழிலும் நாளிதழ்த் தமிழிலும் அதன் பொருள் அதுவன்று. பொறுப்பின்மை என்பதே அதன் பொருள். ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து நேர்கிறது. ஊழியரின் கவனக்குறைவால் கோப்பு தொலைகிறது. அச்சொல் குற்றம் சுமத்தும் சொல். ‘உமக்குக் கவனக்குறைவு உண்டா?’ என்று கேட்கப்படும் படகோட்டி ‘இல்லை’ என்றே விடையிறுப்பார். கரையில் வேலைக்கு ஆள் எடுக்கும் சம்மாட்டியின் காதில் விழுந்தால் அவருடைய இடம் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த ‘இல்லை’ மருத்துவக் குறிப்பில் ‘பக்கவிளைவு இல்லை’ என்று பதிவாகிறது.

‘மந்தம்’ இன்னொரு வகையில் வழுக்குகிறது. அது வயிற்றுக்கும் உரியது, அறிவுக்கும் உரியது. ‘மருந்து மந்தமாக இருக்கிறதா?’ என்ற வினாவுக்கு வரும் ‘ஆம்’ செரிமானத்தைக் குறிக்கலாம். அறிவைக் குறிக்கும்போதோ அது வசையாகிவிடுகிறது. ‘பக்கவிளைவு’ என்ற சொல்லாட்சியே சரிதானா என்ற ஐயமும் எழுகிறது. மருத்துவருக்கு அது பக்கத்தில் நிகழ்வது. நோயாளிக்கு நடுவில் நிகழ்வது.

வழக்கிலுள்ள வினைத்தொடர்களோ இவற்றினும் கூர்மையாக உள்ளன. சொல்ல வந்த பெயர் தொண்டையில் நிற்பது, கூப்பிட்ட குரல் சற்றுப் பிந்திக் காதில் ஏறுவது, ஏலத்தில் கேட்ட விலையை மனத்தில் பிடித்துவைக்க முடியாமல் போவது, கரையின் கோபுரத்தையும் கலங்கரை விளக்கையும் நேர்வைத்துப் பாரின் இடம் காணும் கணக்கு தவறுவது ஆகியவை ஒவ்வொன்றும் ஓர் அறிதிறனின் பெயர். முதலாவது சொல்மீட்பு, இரண்டாவது மறுவினைக் காலம், மூன்றாவது பணிநினைவு, நான்காவது இடவுணர்வு. பெயர்ச்சொல்லாக்கி நோயாளியின் தலையில் வைப்பதைவிட நிகழ்வாகக் கேட்டால் விடை கிடைக்கும். கலைச்சொல்லாக்கத்தில் பெயர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கும் நம் பழக்கம் இங்குத் தடையாகிறது.

எழுத்தும் எண்ணும்

வினாவிலிருந்து சோதனைக்கு நகர்ந்தாலும் மொழி விடுவதில்லை. மருந்தின் விளைவைக் காட்டுவதில் நுட்பமானது எனக் கருதப்படும் சொற்சரளச் சோதனை, ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் கூறச்சொல்வது. ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ் ஆகிய எழுத்துகள் பயன்படுகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் ஷோபினி ராவ், சுப்பகிருஷ்ணா, கோபுகுமார் ஆகியோர் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுதி, இந்திய மொழி பேசுவோருக்குக் க, ப, ம ஆகியவற்றைக் கொண்டது. தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இத்தேர்வு ஒரு வியப்பைத் தரும். எல்லா உயிரோடும் கூடி மொழிமுதலாகும் என்று தொல்காப்பியர் வகுத்த ஐந்து மெய்களுள் இம்மூன்றும் அடங்கும். ஆக, தமிழுக்கு இவை ஏற்றவையே.

சிக்கல் ஒப்பீட்டில் உள்ளது. கன்னடத்திலும் தெலுங்கிலும் வல்லொலி, மெல்லொலி, மூச்சொலி என்பன தனித்தனி எழுத்துகள். தமிழில் ஒரே ககரம் அனைத்தையும் தாங்குகிறது. கடலும் கேஸும் கவர்ன்மெண்டும் ஒரே வரிசை. எனவே தமிழ்க் ககரத்தின் பரப்பு கன்னடக் ககரத்தின் பரப்பன்று. ஒன்றில் பெற்ற நியம அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. மேலும், ‘க’ என்று சொன்னால் கா, கி, கு ஆகியன அடங்குமா என்பது பள்ளியில் உயிர்மெய் நெடுங்கணக்கை எழுதிப் பழகியவருக்கு உண்மையான ஐயம். குறில் ககரத்தோடு நின்றுவிடுபவர் குறைந்த சொற்களையே சொல்வார். அக்குறை டோபிராமேட்டின் கணக்கில் ஏறும். எழுத்தறியாதவருக்கோ இச்சோதனையே பொருளற்றது.

எண்வரிசைச் சோதனையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. எண்களின் பெயர் நீண்டால் நினைவில் நிற்கும் எண்களின் தொகை குறையும் என்பதை எல்லிஸ், ஹென்னலி இருவரும் 1980இல் வெல்ஷ் மொழி கொண்டு காட்டினர். ஆங்கில எண்கள் பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். தமிழ் எண்களுள் ஓரசைச் சொல் ஒன்றும் இல்லை. அதிலும் சோதிப்பவர் ‘இரண்டு’ என எழுத்து வழக்கில் வாசித்தால் மூன்றசை. ‘ரெண்டு’ எனப் பேச்சு வழக்கில் சொன்னால் ஈரசை. ஃபெர்குசன் 1959இல் எழுதிய இரட்டை வழக்குக் கட்டுரையும் பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் தமிழை முன்வைத்து எழுதிய நூலும் நம் மொழியியல் வகுப்புகளில் கோட்பாடாகப் பயிலப்படுகின்றன. மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவில் அக்கோட்பாடு வந்து நிற்கும் என்பதை அவ்வகுப்புகள் சொல்வதில்லை.

மீனை நீக்கிய பட்டியல்

எழுத்தறியாதவருக்கு எஞ்சுவது வகைப்பெயர்ச் சோதனை. ஒரு நிமிடத்தில் இயன்றவரை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல வேண்டும். மேற்குறித்த தொகுதியில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மீன், பறவை, பாம்பு ஆகியவற்றின் பெயர்களைச் சேர்க்கலாகாது. நகரத்தில் வாழ்பவருக்கு இது நியாயமான வரையறை. வகையைக் குறுக்கி மதிப்பெண் இடுவதை எளிதாக்குகிறது. தமிழில் ‘விலங்கு’ என்ற சொல்லும் மீனை இயல்பாக உள்ளடக்குவதில்லை; ஆகவே நிபந்தனை மொழிக்கும் முரணன்று.

இந்நிபந்தனையோடு திரேஸ்புரத்துக் கடலோடி ஒருவரைச் சோதனைக்கு அமர்த்துவதாகக் கொள்வோம். அவர் பள்ளிக்குச் செல்லாதவர். சில ஆண்டுகளாக ஃபீனோபார்பிட்டோன் உண்பவர். ஆடு, மாடு, நாய், பூனை, பன்றி, குதிரை என்று சொல்லி நிற்பார். சிங்கம், புலி, யானை என்று கதைகளில் கேட்டவற்றைக் கூட்டுவார். அப்பால் தயங்குவார். அவர் அன்றாடம் பெயர் சொல்லி அழைக்கும் உயிர்கள் அனைத்தும் விலக்கப்பட்டுவிட்டன. சாளை, நெத்திலி, காரல், பாறை, விளை, ஊளி, சீலா, சூரை, வாளை, முரல், கலவா, திருக்கை, சுறா என இக்கரையில் வழங்கும் பெயர்கள் நிமிடத்தை நிரப்பப் போதியவை. அவர் தயங்கிய நொடிகள் மருந்தின் மந்தமாகப் பதிவாகும், மருந்து மாற்றப்படலாம். இதன் மறுதலையும் நிகழும். மீனைச் சேர்க்க இசைந்துவிட்டால், நாற்பதாண்டுப் பழக்கத்தில் ஊறிய பெயர்கள் மருந்தின் தளர்வையும் மீறிப் பொழியக்கூடும். உண்மையான தளர்வு மறைந்துவிடும். முதற்பிழையால் வேலை செய்யும் மருந்து கைவிடப்பட்டு வலிப்பு திரும்பலாம். இரண்டாவதால் தளர்வோடேயே ஒருவர் படகேறலாம். இரண்டும் கடலில் முடியும் பிழைகள்.

ஆகவே ‘மீனைச் சேர்த்துவிடுக’ என்பது தீர்வாகாது. ஒரே ஆளை மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்து அவரோடு அவரையே ஒப்பிடுதல் முதல் தேவை. அதற்கு மீன்பெயர் வகையையும் தரைவிலங்கு வகையையும் அருகருகே வைக்கலாம். பழகிய வகை நிலைத்து, பழகாத வகை மட்டும் வீழ்ந்தால் அதுவே ஒரு செய்தி. காற்றின் பெயர்களை வகையாகக் கொள்ளலாமே எனத் தோன்றலாம்; ஆனால் கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்ற அளவில் அது விரைவில் தீர்ந்துவிடும்.

மீன்பெயர் வகையைப் பயன்படுத்துமுன் மொழியாய்வாளர் தீர்த்துத் தரவேண்டிய ஒரு கணக்கு உண்டு. சொற்சரளத்தில் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒருவர் ஓர் உட்குழுவில் எவ்வளவு நேரம் தங்குகிறார், எத்தனை முறை வேறு குழுவுக்குத் தாவுகிறார் என்று பிரித்தெண்ணும் முறையை டிராயர் குழுவினர் 1997இல் முன்வைத்தனர். தாவுதல் முன்மூளையின் பணியாகவும் தங்குதல் பொருண்மை நினைவின் பணியாகவும் கொள்ளப்படும். கடற்புர வழக்கிலோ பாறை என்பது ஒரு பெயர். வரிப்பாறையும் தேங்காய்ப்பாறையும் அதன் வகைப்பெயர்கள். பாறை, வரிப்பாறை, தேங்காய்ப்பாறை என ஒருவர் தொடர்ந்து சொன்னால் அது மூன்று சொல்லா, ஒரு சொல்லும் இரு அடைமொழியுமா? சுறாவிலிருந்து திருக்கைக்குச் செல்வது தாவுதலா, தங்குதலா? உயிரியல் பகுப்பில் இரண்டும் குருத்தெலும்பு மீன்கள். கரையில் அவை பிடிக்கும் வலையாலும் விற்கும் விலையாலும் சமைக்கும் முறையாலும் வேறு வகையில் குழுவாகலாம். கடலோடிகள் தம் மீன்களை எவ்வாறு குழுப்படுத்துகின்றனர் என்பதை மருந்து உண்ணாத, படிப்பும் அகவையும் ஒத்த கரைவாசிகளிடமிருந்து தொகுக்க வேண்டும். அதற்கு முன் மதிப்பெண் தாளில் எந்தக் கோட்டையும் போடுவதற்கில்லை.